ஆறு முழமும் ஒரு சாணும்

ஜனவரி 6

அன்பு மருமகளுக்கு உன் தாய்மாமன் எழுதுவது. நானும் உன் தம்பியும் இங்கே யானை பலத்தோடு இருக்கிறோம். அங்கே உன் அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாக என் அக்காவிடம் சொல்.

நாடகம் சக்கைப்போடு போடுகிறது. பழைய எபிரேய வேதத்துக் கதை. மேய்ப்பன் ஒருவன் கவணில் கல் வைத்துச் சுழற்றி வீழ்த்தினானே, அந்த ராட்சத வீரன் வேடம் உன் தம்பிக்கு. "உயரம் ஆறு முழமும் ஒரு சாணும்!" என்று மேடையில் அறிவித்ததும் திரை விலகும். இவன் நிற்பான். முதல் நாள் முன்வரிசையில் ஒரு பெண்மணி மயங்கி விழுந்தாள். மறுநாள் மூன்று பேர். நேற்று காவலுக்கு வந்த போலீஸ்காரரே நாற்காலியோடு சாய்ந்தார்.

நான் அவனுடைய கேடயம் தாங்குபவன். எப்போதும் அவனுக்கு இரண்டடி முன்னால் நடப்பேன். ஜனங்கள் முதலில் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்பதை நானே சொல்லக் கூடாது, பிறர் சொல்ல வேண்டும். சொல்கிறார்கள்.

ஒரு செய்தி. பயல் போன வருஷத்தைவிட இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டான். உன் தையற்கடையில் நீ தைத்து அனுப்பிய சட்டைகளில் கைப்பட்டி பட்டன் மாட்ட மறுக்கிறது. ஒன்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துப் பெரிதாகத் தை. செருப்பும் பத்தவில்லை. இந்த வேகத்தில் போனால் வேதத்தைத் திருத்தி எழுத வேண்டியதுதான்.

அவனே எழுதியிருப்பான். ஒத்திகை, ஒத்திகை, ஓயாத ஒத்திகை.

இப்படிக்கு,
கைதட்டலில் காது அடைத்துப்போன உன் மாமா


ஜனவரி 20

மரியாதைக்குரிய மாமாவுக்கு வணக்கம். அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. நீங்கள் சொன்னதாகச் சொன்னேன். "அவன் சொல்லியா நான் படி ஏறாம இருப்பேன்" என்று அப்போதே இரண்டு முறை ஏறி இறங்கினார்.

தம்பிக்கு இருபத்தொன்பது வயது. இந்த வயதில் யார் மாமா வளருவார்கள்? கடைசியாக நான் அளந்தபோது ஆறடி ஐந்து அங்குலம். பதினெட்டு வயதிலும் அதேதான். நடுவில் ஒரு நூல்கூடக் கூடவில்லை.

அவன் கையெழுத்தைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது. முன்பெல்லாம் உங்கள் கடிதத்தின் ஓரத்தில் "மாமா சொல்றதுல பாதி தள்ளுபடி" என்று கிறுக்கி அனுப்புவான். இப்போது அதுவும் இல்லை. ஒத்திகை என்றால் நான்கு வரி எழுதக்கூட நேரம் இருக்காதா?

டேப்பு வைத்து அளந்து எழுதுங்கள். சட்டை வந்ததும் பார்க்கிறேன். இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 9

அன்பு மருமகளே, வாழ்க. எனக்கு லேசான ஜலதோஷம், கம்பெனி மொத்தமும் கவலையில் இருக்கிறது. மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கும் குறைவிருக்காது என்று நினைக்கிறேன்.

டேப்பு கிடைக்கவில்லை. வேதத்தில் என்ன டேப்பா இருந்தது? முழமும் சாணும்தான். ஆகவே அந்த முறைப்படியே செய்தேன். பயலைச் சுவரோடு நிறுத்தி, கோடு போட்டு, அவன் கையாலேயே சாண் போடச் சொன்னேன். ஒன்பது சாண்! அதுவும் மூச்சை வெளியே விட்ட நிலையில்.

இங்கே ஒரு சதி நடக்கிறது. வசனத்தைச் சரிபார்க்க ஒரு படித்த மனுஷரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் 'பழைய சுருள்ல அப்படி இல்ல' என்பார், அதனால் சுருள்காரர் என்று பேர் வைத்திருக்கிறேன். வந்த அன்றே ஆரம்பித்துவிட்டார். "வேதத்தை எழுதின மிகப் பழைய தோல்சுருள்ல ராட்சதனோட உயரம் நாலு முழமும் ஒரு சாணும்தாங்க. ஆறுங்கறது பின்னால வந்த பிரதிகள்ல இருக்கு." நான் விடுவேனா? "ஐயா, ரெண்டு முழத்தை எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றேன். கொட்டகையே சிரித்தது.

ஆனால் எனக்குப் புரிந்துவிட்டது. ராட்சதனைக் குள்ளமாக்கினால் தெருவில் போகிற எவனை வேண்டுமானாலும் நிறுத்தலாம். பயல் வேடத்துக்கு வேட்டு வைக்கத்தான் இந்தச் சுருள். என் கண்ணில் மண் தூவ முடியுமா?

தலைக்கவசம் வேறு இறுகிவிட்டது. தகரக்காரரிடம் கொடுத்து, பின்பக்கம் வெட்டி ஒரு துண்டு வைத்து ஒட்ட வேண்டியதாயிற்று. புகழ் ஏறினால் தலை கனக்கும் என்பார்கள், பெரிதாகும் என்று யாரும் சொல்லவில்லை.

தம்பி உன்னை விசாரித்தான்.

உன் மாமா


பிப்ரவரி 25

மாமாவுக்கு வணக்கம். ஜலதோஷம் போயிருக்கும் என்று நினைக்கிறேன். கஷாயம் குடித்தீர்களா, கம்பெனியே குடித்ததா? அம்மா சுகம்.

ஒருவனை அவன் கையாலேயே அளந்தால் யாராயிருந்தாலும் எட்டுச் சாண்தான் வரும் மாமா. எண்சாண் உடம்பு என்று சும்மாவா சொல்கிறோம்? என்னை அளந்தேன், எட்டு. கடையில் பட்டன் தைக்கும் அக்காவை அளந்தேன், அவரும் எட்டு. அவர் என் தோளுக்குக்கூட வர மாட்டார். இந்த அளவு எதற்கும் உதவாது. ஒன்பது சாண் என்பது உங்கள் கைங்கரியம் என்று தெரிகிறது. இரண்டு சாண் ஒரு முழம் என்றால் ஒன்பது சாண் நாலு முழமும் ஒரு சாணும். சுருள்காரர் சொல்வதும் அதுவேதான். பிறகு ஏன் அவரோடு சண்டை?

சட்டை வந்தது. நீளம் சரி, தோள் சரி, நெஞ்சு சரி. கைப்பட்டியில் மட்டும் தையல் பிரிந்திருக்கிறது. காலர் பட்டன் பிய்ந்திருக்கிறது. இரண்டு அங்குலம் வளர்ந்தவனுக்கு முதலில் நீளம்தானே குறைய வேண்டும்? நான் இருபது வருஷமாகத் துணி வெட்டுகிறேன். துணி பொய் சொல்லாது.

இதோடு ஒரு டேப்பு வைத்திருக்கிறேன். உயரம் வேண்டாம். மணிக்கட்டு, கழுத்து, தலைச்சுற்று, கால் பாதம், மோதிர விரல். இவை மட்டும் போதும். தம்பியைத் தன் கையால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

மருமகள்


மார்ச் 30

அன்பு மருமகளே, தாமதத்துக்கு மன்னிக்கவும். வெளியூர் ஆட்டங்கள். ஒரு ஊரில் எங்களைப் பார்க்க ரயிலையே நிறுத்திவிட்டார்கள். எல்லாரும் சுகம். அக்காவுக்கு என் அன்பு.

உன் கடிதத்தைப் படித்ததும் ஒரு சந்தேகம் வந்தது. நேராகவே கேட்கிறேன். அந்தச் சுருள்காரர் உனக்கு ஏதாவது எழுதினாரா? நீயும் சாண் கணக்கு பேசுகிறாய், அவரும் பேசுகிறார். என் முதுகுக்குப் பின்னால் முழம் போடுகிறீர்களா?

அவர் இப்போது புதிதாக ஒன்றைக் கிளப்புகிறார். "கேடயம் பிடிக்கறவன் எதுக்குங்க முன்னால நடக்கணும்? ராட்சதனுக்குக் கண் சரியாத் தெரிஞ்சிருக்காதுன்னு சில பேர் நினைக்கறாங்க. அப்படிப்பட்ட உடம்பே ஒரு நோயா இருக்கலாம்" என்றார். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்கு வந்தது பார் கோபம்! "உங்க கண்ணாடியக் கழட்டிட்டு நடந்து காட்டுங்க, யாருக்குக் கண் தெரியலன்னு பாப்போம்" என்று கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பேசாமல் இருக்கிற ஆளை நம்பக் கூடாது.

பயலின் நடிப்பு எங்கேயோ போய்விட்டது. மேய்ப்பனாக வருகிறவன் துணியால் செய்த கல்லை எறிவான். போன வாரம் தவறிப்போய்ப் பக்கவாட்டிலிருந்து எறிந்துவிட்டான். நெற்றிப்பொட்டில் பட்டது. உன் தம்பி இமைகூடக் கொட்டவில்லை! அப்படி ஒரு லயிப்பு. சபை எழுந்து நின்று தட்டியது.

நீ கேட்ட அளவுகள். மணிக்கட்டு ஒன்பதே கால். கழுத்து பத்தொன்பது. தலைச்சுற்று இருபத்தைந்தரை. பாதம் பதின்மூன்று. மோதிரம் கழலவில்லை, ஆகவே விரலை அளக்க முடியவில்லை. சோப்பு போட்டும் வரவில்லை. உயரம் நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏழடி.

ஒரு வேடிக்கை. உன் பேச்சைக் கேட்டுச் சாண் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தோம். எட்டு வர வேண்டும் என்றாயே, ஏழரைதான் வருகிறது. நாலு தடவை போட்டும் ஏழரை. உன் சாஸ்திரம் எங்கே போயிற்று?

மாமா


ஏப்ரல் 8

மாமாவுக்கு. அம்மா சுகம். நான் சுகமாக இல்லை, காரணம் சொல்கிறேன்.

எட்டுச் சாண் ஏழரை ஆனால் ஆள் குறையவில்லை மாமா. கை பெரிதாகியிருக்கிறது.

என் பழைய அளவு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று வருஷத்துக்கு முன் அவன் மணிக்கட்டு எட்டு, கழுத்து பதினேழு, தலைச்சுற்று இருபத்து நாலு. நீங்கள் எனக்குச் சின்ன வயதிலிருந்து கதை விடுகிறீர்கள். மீனை முதலையாக்குவீர்கள், தூறலை வெள்ளமாக்குவீர்கள். உயரத்தைக் கூட்டுவீர்கள், கூட்டத்தைக் கூட்டுவீர்கள். ஆனால் யாருடைய தலைச்சுற்றையும் நீங்கள் கூட்டிச் சொல்லி நான் கேட்டதில்லை. அதில் உங்களுக்கு என்ன பெருமை? ஆகவே அது உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது.

நான் வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுக்கும் டாக்டரம்மாவிடம் நோட்டையும் உங்கள் கடிதத்தையும் காட்டினேன். சிரிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்கச் சொன்னார். அவனுக்கு அடிக்கடி தலைவலி வருகிறதா? முகவாய்க்கட்டை முன்னால் தள்ளி, பல்லுக்கு நடுவே இடைவெளி விழுந்திருக்கிறதா? நடக்கும்போது பக்கத்தில் இருக்கிற கதவு நிலை, நாற்காலி, ஆட்கள் மேல் இடித்துக்கொள்கிறானா? மூளைக்கு அடியில் பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி வந்தால் கைகால் பெருக்குமாம். கட்டி கண் நரம்பை அழுத்தினால் இரண்டு பக்கப் பார்வையும் போய்விடுமாம். சீக்கிரம் எடுத்தால் கண்ணைக் காப்பாற்றலாம். விட்டால் போனது போனதுதான்.

பொட்டில் கல் பட்டு இமை கொட்டாதது லயிப்பா மாமா? அவன் அந்தக் கல்லைப் பார்த்தானா?

ஆம், இல்லை என்று எழுதினால் போதும்.


மே 19

மாமாவுக்கு. ஆறு வாரமாகப் பதில் இல்லை. நீங்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. அம்மாவிடம் தபால் தாமதம் என்று சொல்லியிருக்கிறேன். இந்த வீட்டில் பொய் சொல்வது இப்போது என் முறையாகிவிட்டது.

சுருள்காரர் எனக்கு எழுதினாரா என்று சந்தேகப்பட்டீர்களே, அப்போது இல்லை. இப்போது நானே நாடகக் கம்பெனி விலாசத்துக்கு அவருக்கு எழுதினேன். பதில் வந்தது. அவர் எழுதியதை அப்படியே தருகிறேன்:

"உங்கள் மாமா கேடயத்தின் உட்புறத்தை விரலால் தட்டுகிறார். ஒரு தட்டு, நில். இரண்டு, திரும்பு. மூன்று, மேடை விளிம்பு. நான் முதல் வரிசையில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அவரிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன், என் மேல் பாய்ந்தார். நானே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும், விலாசம் தெரியவில்லை."

எத்தனை மாதமாகத் தட்டுகிறீர்கள் மாமா?


மே 28

மருமகளே,

நவம்பரிலிருந்து.

மேலே ஒரு வார்த்தை எழுதி அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாள் போயிற்று. நலம் விசாரிக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

மூன்று கேள்விக்கும் ஆம். முதலில் கதவு நிலையில் தோளை இடித்தான். பிறகு என்னையே இடித்துத் தள்ளினான். "கண்ணு பிடரியிலயா இருக்கு?" என்று கத்தினேன். அவன் அறைக்கு நடுவே நின்றுகொண்டு, "மாமா, நேரா பாத்தா தெரியுது. ரெண்டு பக்கமும் யாரோ திரையை இழுத்துக்கிட்டே வர்றாங்க" என்றான். எழுதினால் வரி கோணுகிறது, நீ கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் பேனாவைத் தொடவில்லை.

டாக்டரிடம் போகலாம் என்று நான் சொன்னேன். இது சத்தியம். ஒரு தடவைதான் சொன்னேன், அதுவும் சத்தியம். அவன் சொன்னான், "அக்காவுக்கு எழுதாதீங்க. வீட்ல நான் குனிஞ்சு குனிஞ்சு நடந்த நெட்டை. பஸ்ல ஏறினா சிரிச்சாங்க. இங்க நான் நிமிந்து நின்னா ஜனம் எழுந்து நிக்குது. இந்த வருஷம் மட்டும் விடுங்க மாமா." நானும் விட்டேன்.

அவனுக்காக விட்டேன் என்றுதான் எழுத நினைத்தேன். எழுதி, அடித்துவிட்டேன், பார். ராட்சதன் இல்லாவிட்டால் கேடயம் பிடிக்க எவன் வேண்டும்? நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தவன். ஐம்பத்தாறு வயதில்தான் முதல் முதலாக என்னையும் நாலு பேர் பார்த்தார்கள். அவன் உயரத்தை ஒவ்வொரு கடிதத்திலும் கூட்டியது ஏன் தெரியுமா? வளர்கிறான் என்று எழுதினால் நோய் இல்லை என்று எனக்கே தோன்றும். அதற்குத்தான்.

உன் கடிதத்தை அவனுக்கு வாசித்துக் காட்டினேன். தலைச்சுற்று இடம் வந்ததும் சிரித்தான். "அக்கா உங்களக் கையும் களவுமா பிடிச்சிட்டா" என்றான். பிறகு தன் பாதத்தைத் தடவிக்கொண்டான். "மாமா, ஒண்ணு கேக்கறேன். நேத்து மேடையில நீங்க ரெண்டா தட்டினீங்க, மூணா?" என்றான். மூன்று தட்டினேன். அவன் இரண்டு என்று நினைத்திருக்கிறான். விளிம்பில் பாதிப் பாதம் வெளியே இருந்தது. நான் கேடயத்தால் நெஞ்சில் தள்ளி நிறுத்தினேன். கீழே வாத்தியக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். சுருள்காரர் வண்டி பிடித்து வருகிறேன் என்றிருக்கிறார்.

மாமா


ஜூன் 14

மருமகளுக்கு.

தலையைப் படம் எடுத்தார்கள். கட்டி இருக்கிறது. மூக்கு வழியாக எடுக்கிறார்களாம். இருபத்து நான்காம் தேதி, காலை எட்டு மணி. கண் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது என்கிறார் டாக்டர். உயரம் கேட்டார்கள். ஆறடி ஐந்து அங்குலம் என்றேன்.

வேடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். நாலு முழமும் ஒரு சாணும் என்று அறிவிக்கிறார்கள்.

அக்காவிடம் சொல்லிவிடு.

மாமா


ஜூன் 18

மாமாவுக்கு. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி, இதுல ஒரு பொய்கூட இல்ல" என்றார். அப்புறம்தான் அழுதார்.

எனக்கும் அதே பயம்தான். நீங்கள் எழுதாமல் விட்டது ஏதாவது இருக்கிறதா என்று நான்கு முறை படித்தேன். இனிமேல் படித்துப் பயனில்லை. கடையைப் பட்டன் தைக்கும் அக்காவிடம் விட்டுவிட்டு நாளைக் காலை ரயிலில் புறப்படுகிறேன். வீட்டில் அம்மாவுக்குத் துணைக்கு டாக்டரம்மா ஆள் ஏற்பாடு செய்திருக்கிறார்.

நான் வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லுங்கள். திட்ட வரவில்லை என்றும் சொல்லுங்கள். உங்களைத் திட்டுவேன்.

மருமகள்


ஜூலை 3

என் அருமை அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. முழங்கால் சுகமா? படி ஏறாதே.

அறுவை சிகிச்சை ஜாம்ஜாமென்று முடிந்தது. ஏழு டாக்டர்கள் நின்றார்கள். (உன் மகள் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்க்கிறாள். "ரெண்டு பேர்தான் மாமா" என்கிறாள். சரி, இரண்டு.) கட்டி தேங்காய் அளவு இருந்ததாம். ("கொட்டைப்பாக்கு அளவு." சரி.) இவள் வந்ததிலிருந்து எனக்கு ஒரு வாக்கியத்தை முழுசாக முடிக்கக் கொடுத்துவைக்கவில்லை. வாசலில் வைத்தே என்னைத் திட்டித் தீர்த்தாள். ஆஸ்பத்திரியில் சத்தம் போடக் கூடாது என்பதால் வாயை மூடிக்கொண்டே திட்டினாள், அது இன்னும் மோசம்.

வலக்கண் நன்றாக இருக்கிறது. இடக்கண்ணில் ஓரத்தில் கொஞ்சம் இருட்டு நிற்கிறது. அது போகாது என்று சொல்லிவிட்டார்கள். நவம்பரிலேயே வந்திருந்தால் போயிருக்கும். இதை டாக்டர் சொன்னபோது உன் மகள் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

பயல் இனி மேடை ஏற மாட்டேன் என்கிறான். சுருள்காரர் வந்து போகிறார். படுக்கையில் உட்கார்ந்துகொண்டு, ராட்சதன் உண்மையில் எவ்வளவு உயரம் என்று இருவரும் மணிக்கணக்கில் பேசுகிறார்கள். நான் நடுவில் போவதில்லை.

நேற்று மத்தியானம் ஒன்று நடந்தது. நான் அவனுக்கு வலப்பக்கமாக, சத்தம் போடாமல், தண்ணீர் டம்ளரை நீட்டினேன். அவன் நேரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டி வாங்கிக் குடித்தான். "என்ன மாமா, அப்படிப் பாக்கறீங்க?" என்றான்.

அக்கா, இதை நீ நம்ப மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆகவே பேனாவை உன் மகளிடம் கொடுக்கிறேன்.

அம்மா, உண்மைதான். நான் அங்கேதான் இருந்தேன்.